ஆனைமுடித் தவளையும் தரிசு என்னும் சொல்லும்

கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு மேற்குத்தொடர்ச்சி மலையின் உச்சியில் வாழும் ஒரு தவளைக்காக ஏன் இவ்வளவு வாதாடுகிறீர்கள் என்று அண்மையில் பலரும் கேட்டுவிட்டனர். சிலரது கேள்வியில் உண்மையான ஐயம் இருந்தது, சிலரது கேள்வியில் ஏளனம். இரு சாராருக்கும் என் விடை ஒன்றே. சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

முதலில் தவளை. 2010-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் பிஜு, ஷூஷே, துபுவா, தத்தா, போசூய் ஆகிய ஐவர் ஒரு புதிய சிற்றினத்தை விவரித்தனர்: ராவோர்கெஸ்டெஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ். மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் மரம் ஏறுவதில்லை. கால்கள் குட்டையானவை. தாவுவதைவிட ஊர்ந்து செல்லும். உடல் செம்மஞ்சள் நிறம், விலாவிலும் கால்களிலும் புடைத்த சுரப்பிகள். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சிப் பகுதியில், புல்லுக்கு இடையிலும் குட்டை மூங்கில் புதர்களின் அடியிலும் வாழ்கிறது. விவரிக்கப்பட்டபோது அதன் வாழிடம் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்றே கணக்கிடப்பட்டது. ஒரு நடுத்தரப் பல்கலைக்கழக வளாகத்தின் பரப்புதான் ஓர் இனத்தின் முழு உலகம். அழியும் நிலையின் கடைசிப் படியில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைப் பட்டியலிட்டது.

இத்தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது என்பதைத் துறை சாராத நண்பர்கள் கவனிக்க வேண்டும். மூங்கில் தூரின் அடியில் இடப்படும் முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுவதும் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளிவருகிறது. குளமோ ஓடையோ அதற்குத் தேவையில்லை. மண்ணிலும் புல்வேரிலும் மூடுபனியிலும் நிற்கும் ஈரமே அதன் குளம். ஆகவே, ‘நீர்நிலை ஏதும் இல்லை’ என்று ஓர் ஆய்வறிக்கையில் எழுதிக் கையொப்பமிடும் ஒருவர், பொய் ஏதும் சொல்லாமலேயே இத்தகைய தவளையின் வாழிடத்தை இல்லாததாக ஆக்கிவிட முடியும். வாழிடம் என்பதைக் குறிக்க நம்மிடம் உள்ள சொற்கள் அவ்வளவு பருமனானவை.

அந்தச் சொற்களில் மிகக் கொடியது ‘தரிசு’. என் வழக்கு அதன்மேல்தான்.

இந்தச் சொல்லை ஒரு தங்கவயல்காரர் எளிதில் கடந்துவிட மாட்டார். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, பூமியின் வயிற்றிலிருந்து எடுத்த பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்து, எஞ்சியதை ஊருக்கு நடுவே கொட்டினார்கள். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குக் கிடைத்தது சில கிராம் தங்கம். மற்றதெல்லாம் மேடானது. மூன்று கோடி டன்னுக்கும் அதிகமான அந்த மண்ணைத்தான் சயனைடு மேடு என்கிறோம். காற்றடி காலத்தில் அதன் தூசு வீட்டுக்குள் வரும், சோற்றுத் தட்டில் படியும். கழிவு நிலம் என்றால் என்ன என்று எங்களுக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

மைய அரசின் நில வளத் துறை வெளியிடும் ‘இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு’ ஒன்று உண்டு. 2000 முதல் பல பதிப்புகள் வந்துள்ளன. அதன் வகைப்பாட்டைப் புரட்டிப் பாருங்கள். சுரங்கக் கழிவு நிலம் ஒரு வகை. தொழிற்சாலைக் கழிவு நிலம் ஒரு வகை. அதே பட்டியலில், அதே தரத்தில், வெற்றுப் பாறைப் பகுதி ஒரு வகை, புதர்க்காடு ஒரு வகை, சீரழிந்த மேய்ச்சல் நிலம் ஒரு வகை. மனிதன் நஞ்சு கலந்து கொட்டிய மேடும், பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையாகவும் புதராகவும் புல்லாகவுமே நிற்கும் நிலமும் ஒரே தொகுப்பில் தரிசு! இதை எழுதியவர்கள் அறிவிலிகள் அல்லர். நம்மைப்போல் முனைவர் பட்டம் பெற்றவர்கள்தான்.

வெற்றுப் பாறை என்ற அந்த வகைக்குள் என்ன இருக்க முடியும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1994-இல் விவரிக்கப்பட்ட கோலார் இலைமூக்கு வௌவால், அறிவியலுக்குத் தெரிந்தவரை, ஹனுமனஹள்ளிப் பாறைக்குன்றின் குகைகளில்தான் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. அந்தக் குன்றைக் கருங்கல்லுக்காக உடைத்துக்கொண்டிருந்தார்கள். கல் எடுத்தவரின் கணக்கில் அது வெறும் பாறை. பாறைக்கு விலை உண்டு, பாறையின் பொந்துக்கு இல்லை.

சொல் மாறுவதற்கு என்ன வேண்டும் என்பதும் இங்கேதான் தெரிந்தது. 2024 ஜூனில், பதின்மூன்று சயனைடு மேடுகளை, ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில், மீண்டும் அரைத்துத் தங்கம் எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கால் நூற்றாண்டாகக் கழிவாகக் கிடந்தது ஒரே நாளில் வளமாகிவிட்டது. (2019-இல் ஒரு திரைப்படப் பிடிப்பால் சயனைடு மேடு கெடுகிறது என்று வழக்குத் தொடர்ந்து, உள்ளூர் நீதிமன்றம் படப்பிடிப்பை நிறுத்திவைத்ததையும் நினைவுகூர்கிறேன். நஞ்சு மேட்டைக் காக்கவும் மனுப் போட ஆள் இருந்தது என்பதில் எனக்கு வருத்தமில்லை. புல்வெளிக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி.) பணம் இருக்கிறது என்றால் கழிவும் வளம், உயிர் மட்டுமே இருக்கிறது என்றால் மலையும் தரிசு.

மலைகளுக்கு வருகிறேன். 1863-இல் தரிசுநில உரிமைகோரல் சட்டம் இயற்றப்பட்டது. உழாத நிலமெல்லாம் அரசின் கண்ணில் வீண். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டைச் சூழ்ந்திருந்த புல்வெளி அந்தக் கண்ணுக்கு மரம் இழந்த காடாகத் தெரிந்தது. மரம் நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் வந்தது, நீலகிரியில் சீகை என்பார்களே, அது. கற்பூர மரம் வந்தது, பைன் வந்தது. விடுதலைக்குப் பிறகு இந்த வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. தோல் பதனிட வேண்டிய டானினுக்காக வாட்டில், செயற்கை இழைக்கும் காகிதத்துக்கும் கூழ் தரக் கற்பூர மரம். எங்கள் முன்னோர் எந்த வடஆற்காட்டிலிருந்து சுரங்கத்திற்கு வந்தார்களோ, அந்த வடஆற்காட்டின் தோல் தொழிலுக்கும் சேர்த்துத்தான் அந்தப் புல்வெளி பட்டையாக உரிக்கப்பட்டது. மலைக்கும் நமக்கும் தொடர்பில்லை என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

விளைவு அளக்கப்பட்டிருக்கிறது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2018-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்கிறது. அந்த இடத்தில் இன்று நிற்பவை பெரும்பாலும் மரத்தோட்டங்களும் வேளாண் நிலமும். பழனி மலையில்தான் கண்ணில் விண்மீன் சிதறியதுபோன்ற கோலம் உள்ள காட்டிக்ஸாலஸ் ஆஸ்டெராப்ஸ் என்ற மரத்தவளை வாழ்கிறது. அதன் நீலகிரி உறவினமான காட்டிக்ஸாலஸ் வேரியாபிலிஸை 1853-இலேயே ஜெர்டன் விவரித்துவிட்டார். பெயரிட்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைச் சுற்றி மரம் நட்டுக்கொண்டே இருந்தோம்.

ஆனைமுடி தப்பித்தது எப்படி? நம் அறிவால் அன்று. 1877-இல் பூஞ்ஞாறு மன்னரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற மன்றோவும், அவருக்குப் பின் வந்த தேயிலை நிறுவனமும் கைவைக்காமல் விட்ட உயரம் அது. உறைபனியும் காற்றும் தேயிலைக்கு ஒவ்வா. துரைமார் அதைத் தம் வேட்டைக்களமாக வைத்துக்கொண்டார்கள். 1971 சட்டத்தின்படி நிலம் அரசின் கைக்கு வந்தது, 1975-இல் சரணாலயமானது, 1978-இல் இரவிக்குளம் தேசியப் பூங்கா ஆனது. வரையாட்டைச் சுட வேண்டும் என்ற ஆசை வரையாட்டைக் காத்தது. அதன் காலடியில் ஊர்ந்துகொண்டிருந்த தவளை, தற்செயலாக உடன் காப்பாற்றப்பட்டது. இதை ஒரு பாதுகாப்புக் கொள்கையின் வெற்றி என்று பாடம் நடத்துகிறோம்.

‘தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, பிறகென்ன கவலை?’ என்று கேட்பவர்களுக்கு மோன்டெவெர்தே தேரையை நினைவூட்டுகிறேன். கோஸ்டா ரிக்காவின் முகில்காட்டு மலைமுகட்டில், காப்புக்காட்டுக்குள், வேலியும் காவலும் இருந்த இடத்தில் வாழ்ந்தது. அதுவும் செம்மஞ்சள் நிறம்தான். 1966-இல் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. 1989-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. 2004-இல் அழிந்த இனமாக அறிவித்தார்கள். ஒரு மரமும் வெட்டப்படாத காட்டில் ஓர் இனம் இருபத்து மூன்று ஆண்டுகளில் பெயர் பெற்று மறைந்தது. காரணம் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர், பூஞ்சை நோயும் ஈரம் குறைந்த பருவங்களும் குற்றக்கூண்டில் நிற்கின்றன. 2023-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த உலக இருவாழ்வி மதிப்பீடு, ஐந்தில் இரண்டு இருவாழ்வி இனங்கள் அழிவை நோக்கிச் செல்கின்றன என்றும், 2004-க்குப் பின் நிலை மோசமான இனங்களுக்கு முதன்மைக் காரணம் காலநிலை மாற்றம் என்றும் கூறுகிறது. வெப்பம் ஏற ஏறத் தாழ்வான இடத்து உயிர்கள் மேலே நகரலாம். உச்சியில் இருப்பது எங்கே போகும்? பக்கத்து முகட்டுக்குப் போகலாம் என்றால், இடையே தேயிலையும், தேயிலையை உலர்த்த விறகுக்காக நட்ட கற்பூர மரமும். ஊர்ந்து செல்லும் தவளை அதைக் கடக்காது.

இந்த இடத்தில்தான் தரிசு என்ற சொல் பூங்காவின் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டே தன் வேலையைச் செய்கிறது. 1988-இன் தேசிய வனக்கொள்கை, நாட்டின் மூன்றில் ஒரு பங்கும் மலைப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கும் காடு அல்லது மரப்போர்வையின்கீழ் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இந்திய வன அளவைத் துறை, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காடு மரக்கவிகை இருந்தால் காடு என்று எண்ணும். எந்த மரம், யார் நட்டது என்ற கேள்வி இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வாட்டில் தோப்பு காடு. தவளை வாழும் புல்வெளி, இலக்கை எட்டாத பற்றாக்குறை. 2023-இல் அறிவிக்கப்பட்ட பசுமைக் கடன் திட்டத்தின் முதல் வழிமுறையிலும் புதர்நிலமும் தரிசும்தான் மரம் நடுவதற்கான களங்கள். மரம் நடுவதை எதிர்ப்பவன் என்று என்னைச் சித்திரிக்க முயல்வோருக்கு: சயனைடு மேட்டில் வேர்பிடிக்கும் எதையும் நடுங்கள், நானும் வந்து குழி வெட்டுகிறேன். புல்வெளியை விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் அயல்மரங்களை அகற்றச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும், 2022-இல் அரசு அதற்கொரு கொள்கை வகுத்ததும் வரவேற்கத்தக்கவை. ஆனால் வாட்டிலை வெட்டினால் மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும் விதைகள் வெளிச்சம் கண்டு முளைக்கின்றன. ஒப்பந்ததாரருக்கு மரத்தின் எடைக்குப் பணம் கொடுத்துவிட்டு வாழிடம் மீண்டது என்று எழுதுவது ஏமாற்று. பத்து ஆண்டுகள் நாற்றுப் பிடுங்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். அந்தத் தலைப்பில் நிதி கேட்டு எத்தனை துறைகள் விண்ணப்பித்திருக்கின்றன?

இனி நம் வீட்டுக் குறை. நம் துறைக்குப் பெயர் சூட்டுவதில் தனி மோகம் உண்டு. புதிய சிற்றினம் என்றால் நாளிதழில் படம், பதவி உயர்வுக்குப் புள்ளி. பெயரிடுதல் தேவையற்றது என்று சொல்லவில்லை, பெயரில்லாத உயிருக்காக வழக்காட முடியாது. பெயரோடு வேலை முடிந்தது என்ற மனநிலையைத்தான் எதிர்க்கிறேன். ராவோர்கெஸ்டெஸ் என்ற பேரினப் பெயரில் உள்ள ‘ராவ்’ யார்? பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவ், ‘கரண்ட் சயின்ஸ்’ இதழின் முதல் ஆசிரியர். 1937-இல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றை விவரித்தார். அவற்றின் மூலமாதிரிகள் அக்கல்லூரியில் வைக்கப்பட்டிருந்தன, இன்று இல்லை. அந்தப் பெயர்கள் எந்த உயிர்களைக் குறிக்கின்றன என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக் குடுவையில் இருந்த தவளையையே காப்பாற்ற இயலாத நிறுவனங்கள் நாம். மலையில் இருப்பதைப் பெயரே காக்கும் என்று எந்தத் துணிவில் நம்புகிறோம்?

அந்தப் பெயர் ஆபத்தையும் அழைத்து வருகிறது. இடம் துல்லியமாக அச்சாகிறது, ஒளிப்படக் கருவிகள் பின்தொடர்கின்றன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் நம் கட்டுரையால் கெடும். ஆண் தவளை கூப்பிடும் புதரைப் பிரித்து, மூங்கில் தூரை மிதித்து, ஒரு படத்துக்காக ஓர் ஈட்டு முட்டையை உலரவிட்டுப் போவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். காலணியில் ஒட்டிய சேறு ஒரு மலையின் பூஞ்சையை மறு மலைக்குக் கொண்டுசெல்லும். 2018-இல் குறிஞ்சி பூத்தது, அடுத்து 2030. ராஜமலைக்கு வரப்போகும் கூட்டத்திற்கு இப்போதே பேருந்து நிறுத்தம் யோசிப்பார்கள். கூட்டத்தின் மேல்வரம்பு பற்றி யோசிக்க வைப்பது யார் வேலை?

கடைசியாக அந்தப் பழைய கேள்வி: ‘மனிதர்கள் சாகும்போது தவளையா?’ தங்கவயலில் இதைக் கேட்பவர்மீது எனக்குக் கோபமில்லை. சுரங்கம் மூடிய பின் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கையிலிருந்து கேட்கிறார்கள். ஆனால் கல்விக்கூடத்தில் இதைக் கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்பேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, இரவிக்குளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயன்கள் புதைந்தன. எழுபது உயிர். தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், எங்களைப் போலவே ஒரு கம்பெனியால் மலைக்குக் கொண்டுவரப்பட்டு லைன் வீட்டில் தலைமுறைகளாக வைக்கப்பட்டவர்கள். செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. மனிதர்களுக்காகத் தவளையை ஒதுக்கும் எந்த அறிஞர் அந்தச் சரிவுகளின் மண்ணை, ஈரத்தை, மழையை அளந்து லயன்களை இடம் மாற்றச் சொல்லி அதற்கு முன் எழுதியிருந்தார்? அந்த உயரத்தின் ஈரத்தை ஆண்டுதோறும் அளப்பவர் ஒருவர் இருந்தால், அந்தத் தரவு தவளைக்கும் பயன்படும், லயனுக்கும் பயன்படும். யாரும் அளக்காத இடத்தில் இருவரும் வாழ்கிறார்கள்.

அளப்பதற்கு ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. இரவிக்குளத்தில் காவலும் தீத்தடுப்பும் முதுவர்களின் உழைப்பில் நடக்கின்றன. எந்த மாதம் எந்தச் சரிவில் பனி நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் கட்டுரைகளில் அவர்கள் நன்றியுரையின் இறுதி வரியில் ‘களப்பணியாளர்கள்’ என்று பெயரின்றி வருகிறார்கள். தவளைக்குப் பெயர் சூட்டுவதில் காட்டும் அக்கறையை, அதைக் கண்டு சொன்னவரின் பெயரை எழுதுவதிலும் காட்டலாம்.

தமிழ் படித்த நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நம் திணை மரபில் தரிசு என்றொரு நிலமே இல்லை. பாலையைக்கூட முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த ஒரு நிலையாகத்தான் கண்டனர், அதற்கும் தெய்வமும் பறவையும் உரிப்பொருளும் உண்டு. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பொதுநிலத்தைக் குறித்த ‘புறம்போக்கு’ என்ற சொல்லை வசவாக்கியவர்களும் நாம்தான்.

எனவே, ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ‘ஆய்வுப் பரப்பு’ இயலைத் திறந்து, ‘தரிசு’, ‘வெற்று நிலம்’, ‘சீரழிந்த காடு’ என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்று தேடுங்கள். ஒவ்வோரிடத்திலும் அங்கே கண்ணால் கண்டதை எழுதுங்கள்: என்ன புல், எவ்வளவு உயரம், எந்த மாதம் வரை ஈரம், யாருடைய ஆடு மேய்கிறது, யார் விறகு எடுக்கிறார்கள். நெறியாளர்கள் பக்கம் கூடுகிறது என்று கடிந்தால், கூடட்டும். ஏனெனில் நாளை ஒரு திட்ட அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனம் முதலில் மேற்கோள் காட்டப்போவது உங்கள் ஆய்வேட்டின் அந்த ஒரு பத்தியைத்தான். மலைப் புல்வெளியைத் தனி வகையாக எண்ணுமாறு வன அளவைத் துறைக்கும், பாறைக்குன்றையும் புதர்நிலத்தையும் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்குமாறு நில வளத் துறைக்கும் ஒரு கூட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹனுமனஹள்ளியையும் ஆனைமுடியையும் அதில் ஒருசேரக் குறிப்பிட்டுள்ளேன். கையொப்பமிட விரும்புவோர் பின்னூட்டத்தில் தம் துறையின் பெயரோடு தெரிவிக்கவும். மாணவர்கள் கையொப்பமும் செல்லும்.